துணை பிள்ளைகளோடு வேறு மாநிலம் போய்விட்டால்: அமெரிக்காவில் புதிதாகக் குடியேறிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

டல்லாஸ் பக்கம் இர்விங்கில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், மனைவி அவரைச் சார்ந்து வந்தவர்களுக்கான எச்-4 விசாவில். இருவருக்கும் இடையே பிரச்சினை முற்றுகிறது. ஒரு நாள் மனைவி இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறார். இதுவே தலைகீழாகவும் நடக்கிறது. கணவர் கலிபோர்னியாவில் புது வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார், மனைவி டெக்சஸில் தனியாக நிற்கிறார். எந்தப் பக்கமாக இருந்தாலும் பின்னால் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: என்னைக் கேட்காமல் இப்படிச் செய்யலாமா?

நேரடியான பதில் இது. திருமணமான பெற்றோருக்கு, கோர்ட் உத்தரவு எதுவும் இல்லாத வரையில், பிள்ளைகள் மீது சம உரிமை. அப்பாவுக்கு ஒரு சட்டம், அம்மாவுக்கு ஒரு சட்டம் என்று கிடையாது. அதனால் ஒருவர் பிள்ளைகளோடு மாநில எல்லையைத் தாண்டியதையே பெரும்பாலும் குற்றமாகப் பார்க்க மாட்டார்கள். 911 என்ற அவசர எண்ணில் போலீஸை அழைத்தால், பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு, "இது குடும்ப வழக்கு, கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். இதைக் கேட்டு மனம் உடைந்துபோக வேண்டாம். போலீஸ் கைவிரிப்பதால் சட்டமும் கைவிட்டுவிட்டது என்று ஆகாது. பிள்ளைகள் எந்த மாநிலத்தில் வாழ்ந்து வந்தார்களோ அந்த மாநிலக் கோர்ட்டுக்குத்தான் கஸ்டடியை, அதாவது பிள்ளைகள் யார் பொறுப்பில் இருப்பார்கள் என்பதை, முடிவு செய்யும் முதல் உரிமை. அந்த உரிமைக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது, ஆறு மாதம். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அந்த ஆறு மாதத்தை மறக்காதீர்கள்.

கீழே இருப்பது பொதுவான வழிகாட்டி. சில விவரங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதனால் உங்கள் மாநில வக்கீலிடம் ஒருமுறையாவது பேசிவிடுங்கள்.

முதல் இரண்டு நாள்

பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், நலமாக இருக்கிறார்களா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். துணையோடு பேச முடிந்தால் பேசுங்கள். கோபத்தைக் காட்ட இது நேரம் இல்லை. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்தியையும் நாளைக்கு ஒரு நீதிபதி படிப்பார் என்று நினைத்துக்கொண்டே தட்டச்சு செய்யுங்கள். "உன் விசாவைக் கேன்சல் செய்துவிடுவேன்", "பிள்ளைகளை உன் கண்ணிலேயே காட்ட மாட்டேன்" என்பது போன்ற வரிகள் உங்கள் வழக்கையே கவிழ்த்துவிடும்.

எழுத்தில் ஒரே ஒரு தெளிவான செய்தி அனுப்புங்கள். மின்னஞ்சலாக இருந்தால் நல்லது. பிள்ளைகள் இர்விங் வீட்டிலிருந்து எந்தத் தேதியில் போனார்கள், அதற்கு நான் சம்மதிக்கவில்லை, அவர்கள் திரும்பி வர வேண்டும், அதுவரை தினமும் வீடியோ காலில் பேச விரும்புகிறேன் என்று நான்கு வரி போதும். இது பின்னால் பெரிய சாட்சியாக நிற்கும். ஏனென்றால் எதிர்த்தரப்பு பெரும்பாலும் "இவரும் ஒத்துக்கொண்டுதான் நாங்கள் குடிமாறினோம்" என்று சொல்லும்.

பிள்ளைகள் இருக்கும் இடமே தெரியவில்லை, போன் எடுக்கவில்லை என்றால் விஷயம் வேறு. அப்போது போலீஸிடம் காணாமல் போன பிள்ளை என்றே புகார் கொடுங்கள். "24 மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். காணாமல் போன குழந்தைகள் விஷயத்தில் காத்திருப்பு நேரம் வைக்கக் கூடாது என்று 1990-லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. புகாரை என்சிஐசி என்ற தேசியப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையத்தின் எண் 1-800-843-5678. கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அங்கே மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகங்களில் குழந்தைக் கடத்தல் பிரிவு இருக்கிறது. ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பைச் சட்டமே அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஃபெர்பா என்ற மத்திய சட்டப்படி, கோர்ட் தடை இல்லாத வரை இரண்டு பெற்றோருக்கும் பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை உண்டு. பிள்ளைகளின் பழைய பள்ளிக்குப் போய், பதிவேடுகளை எந்தப் பள்ளி கேட்டு வாங்கியது என்று விசாரியுங்கள். புது ஊர் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

நீங்களே விமானம் ஏறிப் போய்ப் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். உத்தரவு இல்லாததால் உங்களுக்கும் அதே உரிமை இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பிள்ளைகள் பயந்துபோவார்கள், கைகலப்பு ஆகும், அவர்களை நெருங்கக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு உத்தரவு உங்கள் மேல் வந்து விழும். அதற்கப்புறம் உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைக் கேட்க ஆள் இருக்காது.

ஆறு மாதக் கணக்கு

கஸ்டடி வழக்கை எந்த மாநிலக் கோர்ட் விசாரிப்பது என்பது பற்றி 1997-ல் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக ஒரு சட்ட வரைவு தயாரானது. யு.சி.சி.ஜே.இ.ஏ. என்று எழுத்துக் கூட்டிச் சொல்வார்கள். கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களும் இதைத் தங்கள் சட்டமாக ஏற்றுக்கொண்டன. மாசசூசெட்ஸ் மட்டும் நீண்ட காலமாகத் தன் தனிச் சட்டத்தையே வைத்துக்கொண்டிருந்தது, அதனால் பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள் உள்ளூர் வக்கீலிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு முன்பே, 1980-ல், ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த கஸ்டடி உத்தரவை மற்ற மாநிலங்கள் மதித்தாக வேண்டும் என்று மத்திய சட்டமும் வந்திருந்தது. கஸ்டடி உத்தரவு பிடிக்காத பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனக்குச் சாதகமான மாநிலம் தேடி ஓடுவதைத் தடுக்கத்தான் இத்தனையும்.

இந்தச் சட்டத்தின் மையம் ஹோம் ஸ்டேட். வழக்குப் போடும் நாளுக்கு முன்னால் தொடர்ச்சியாக ஆறு மாதம் பிள்ளை ஒரு பெற்றோரோடு எந்த மாநிலத்தில் வாழ்ந்ததோ அதுதான் ஹோம் ஸ்டேட். ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தை என்றால் பிறந்ததிலிருந்து வாழ்ந்த மாநிலம். இடையில் கோடை விடுமுறைக்கு மதுரைக்குப் போய் வந்தது போன்ற தற்காலிகப் பயணங்கள் இந்தக் கணக்கை உடைக்காது.

அடுத்த விதிதான் பின்னால் நிற்பவருக்குக் கைகொடுக்கும். பிள்ளைகள் போய்விட்ட பிறகும், போன நாளிலிருந்து ஆறு மாதம் வரை பழைய மாநிலம் தன் உரிமையை இழக்காது. ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு பெற்றோராவது அந்தப் பழைய மாநிலத்திலேயே தொடர்ந்து குடியிருக்க வேண்டும். நம் உதாரணத்தில், பிள்ளைகள் மார்ச் 1-ம் தேதி எடிசனுக்குப் போனார்கள், அப்பா இர்விங்கிலேயே இருக்கிறார் என்றால், ஆகஸ்ட் முடிவதற்குள் அவர் டெக்சஸில் மனுப் போட்டாக வேண்டும். போட்டுவிட்டால் வழக்கு டெக்சஸில்தான். செப்டம்பரில் போய் நின்றால் நியூ ஜெர்சி புது ஹோம் ஸ்டேட் ஆகியிருக்கும். பிள்ளைகள் அங்கே பள்ளியில் சேர்ந்திருப்பார்கள், டாக்டர் அங்கே, நண்பர்கள் அங்கே. அதற்கப்புறம் நீங்கள் 1,500 மைல் தள்ளிப் போய் வழக்கு நடத்த வேண்டும்.

இங்கேதான் நம் குடும்பங்களில் ஒரு விபரீதம் நடக்கிறது. ஊரிலிருந்து பெரியவர்கள் போன் போடுவார்கள். "கோர்ட்டு கீர்ட்டு என்று போகாதே, நாங்கள் பேசி முடித்து வைக்கிறோம். தை பிறக்கட்டும், மாமா வந்து உட்கார்ந்து பேசுவார்." பேச்சு நல்ல எண்ணத்தில்தான் நடக்கும், ஆனால் மாதங்கள் ஓடிவிடும். பேச்சு முறிந்து வக்கீலைத் தேடும்போது ஏழாவது மாதம் நடந்துகொண்டிருக்கும். பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மனுவைப் போட்டு வைத்துவிட்டுப் பேசுங்கள். போட்ட மனுவைச் சமாதானம் ஆன மறுநாளே திரும்பப் பெறலாம். விட்டுப்போன காலக்கெடுவைத் திரும்பப் பெற முடியாது. பெரியவர்களுக்கும் இதை இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு பொறி, "நீங்களும் இங்கே வந்துவிடுங்கள், ஒன்றாக இருந்து பார்ப்போம்" என்ற அழைப்பு. நம்பி, டெக்சஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு நியூ ஜெர்சிக்குப் போனால், பழைய மாநிலத்தில் எந்தப் பெற்றோரும் இல்லை என்று ஆகிவிடும். அந்த ஆறு மாதப் பாதுகாப்பு அப்போதே போய்விடும். உறவு சரியாகும் என்ற நம்பிக்கையில் போகிறவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசுங்கள். வேலை போய் 60 நாள் அவகாசத்தில் வேறு மாநிலத்தில் வேலை தேடும் எச்-1பி காரர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மாநிலத்தை விட்டுக் கிளம்பும் முன் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

சில குடும்பங்கள் ப்ராஜெக்ட் மாறி மாறி மாநிலம் மாறிக்கொண்டே இருந்திருக்கும். எந்த மாநிலத்திலும் ஆறு மாதம் நிறையவில்லை என்றால், எந்த மாநிலத்தோடு பிள்ளைக்கும் ஒரு பெற்றோருக்கும் ஆழமான தொடர்பு இருக்கிறது, பிள்ளையைப் பற்றிய சாட்சியங்கள் எங்கே கிடைக்கும் என்று கோர்ட் பார்க்கும். இது சிக்கலான வாதம். இந்த நிலைமையில் இருப்பவர்கள் தாமாக மனு எழுத முயல வேண்டாம்.

மனுப் போடுவது

விவாகரத்து வேண்டாம், பிள்ளைகள் மட்டும் வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. அதுவும் முடியும். கஸ்டடிக்கு மட்டும் தனி மனுப் போடலாம். விவாகரத்துக்கு டெக்சஸில் ஒருவராவது மாநிலத்தில் ஆறு மாதமும், மனுப் போடும் கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) 90 நாளும் இருந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் ஆறு மாதமும் மூன்று மாதமும். கஸ்டடி மனுவுக்குக் கணக்கு, மேலே சொன்ன ஹோம் ஸ்டேட்தான். கலிபோர்னியாவில் இதற்கென்றே எஃப்எல்-260 என்ற படிவம் இருக்கிறது.

எந்த மாநிலமாக இருந்தாலும் மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். கடந்த ஐந்து ஆண்டில் பிள்ளை எந்தெந்த முகவரியில் இருந்தது, யாரோடு இருந்தது, வேறு எங்காவது வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று அதில் எழுத வேண்டும். இந்தியாவில் தாத்தா பாட்டியோடு இருந்த மாதங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். தேதி தப்பாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் பாஸ்போர்ட்டையும், அமெரிக்காவுக்குள் வந்த தேதியைக் காட்டும் ஐ-94 பதிவையும் வைத்து உடைத்துவிடுவார்.

சாட்சியமாக எடுத்து வைக்க வேண்டியவை: பிள்ளைகளின் பெயரும் இருக்கும் வீட்டு வாடகை ஒப்பந்தம், பள்ளி வருகைப் பதிவு, குழந்தை மருத்துவரின் தடுப்பூசிப் பதிவு, மருத்துவக் காப்பீட்டு அட்டை, டே கேர் ரசீது, தமிழ்ப் பள்ளியிலோ நடன வகுப்பிலோ சேர்த்த மின்னஞ்சல். பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கை இந்த மாநிலத்தில்தான் ஓடியது என்பதை இவை காட்டும். கூடவே, நீங்கள் அந்த வாழ்க்கையில் எவ்வளவு பங்கெடுத்தீர்கள் என்பதையும் காட்டும். டாக்டரிடம் கூட்டிப் போனது யார், பள்ளி ஆசிரியரோடு மின்னஞ்சலில் பேசியது யார் என்பதெல்லாம் பின்னால் பேசப்படும்.

மனுப் போட்டதும் சம்மனை எதிர்த்தரப்புக்கு முறைப்படி சேர்ப்பிக்க வேண்டும். நீங்களே போய்க் கொடுக்க முடியாது. வழக்கில் சம்பந்தம் இல்லாத, 18 வயது நிரம்பிய ஒருவரோ ஷெரிஃப் அலுவலகமோ சம்மன் கொண்டுபோகும் தொழில்முறை ஆளோ கொடுக்க வேண்டும். துணை வேறு மாநிலத்தில் இருப்பதால் கஸ்டடி வழக்கு நிற்காது. ஆனால் பிள்ளைச் செலவுத் தொகை, சொத்துப் பிரிவினை ஆகியவற்றுக்கு வேறு விதிகள் இருக்கின்றன, அவற்றையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கலிபோர்னியாவில் சம்மனிலேயே ஒரு தடையுத்தரவு அச்சடித்திருக்கும். விவாகரத்து வழக்கில் எஃப்எல்-110, கஸ்டடிக்கு மட்டுமான மனுவில் எஃப்எல்-210 என்ற அந்தக் காகிதத்தில், இன்னொருவரின் எழுத்துப்பூர்வ சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் பிள்ளைகளை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கவும் கூடாது என்று இருக்கும். மனுப் போட்டவரை உடனேயும் மற்றவரைச் சம்மன் கிடைத்ததும் இது கட்டுப்படுத்தும். துணை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் இருக்கும்போதே மனுப் போட்டால் கிடைக்கும் நன்மை இது. டெக்சஸில் பல கவுன்ட்டிகள் இதுபோல் நிலையான உத்தரவு வைத்திருக்கின்றன, உங்கள் கவுன்ட்டியில் என்ன என்று கோர்ட் இணையதளத்தில் பாருங்கள். எல்லா மாநிலத்திலும் தானாக வரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

அவசர உத்தரவு

வழக்கு முடிய மாதங்கள் ஆகும். அதுவரை பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பதைத் தற்காலிக உத்தரவு முடிவு செய்யும். அதைக் கேட்டு மனுவோடு சேர்த்தே விண்ணப்பியுங்கள். பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றாலோ, மாநிலத்தை விட்டோ நாட்டை விட்டோ கொண்டுபோகும் அபாயம் என்றாலோ, எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே கூடச் சில நாட்களுக்கு ஓர் உத்தரவு வாங்க முடியும். டெக்சஸில் அது 14 நாள் செல்லும், அதற்குள் விசாரணை வரும்.

தற்காலிகம் என்ற பெயரைப் பார்த்து இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளையின் வாழ்க்கையைக் கலைக்க நீதிபதிகள் தயங்குவார்கள். தற்காலிக உத்தரவில் அமைந்த ஏற்பாடுதான் பல வழக்குகளில் இறுதி உத்தரவுக்கும் அடித்தளம் ஆகிறது. முழு பலத்தையும் இந்த விசாரணையில் போடுங்கள்.

எதிர்த்தரப்பு அங்கே வழக்குப் போட்டுவிட்டால்

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு நாள் சம்மன் வருகிறது. "எங்கள் ஹோம் ஸ்டேட் டெக்சஸ், அந்தக் கோர்ட்டுக்கு உரிமையே இல்லை" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதில் கொடுக்காவிட்டால் நீங்கள் இல்லாமலே உத்தரவு வந்துவிடும். அந்த மாநில வக்கீல் ஒருவர் மூலம், இந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இந்தக் கோர்ட்டுக்கு இல்லை என்ற ஆட்சேபணையை மட்டும் முதலில் பதிவு செய்ய வேண்டும். அதே நேரம் டெக்சஸில் உங்கள் மனுவும் இருக்க வேண்டும்.

இரண்டு மாநிலத்தில் இரண்டு வழக்கு இருப்பது தெரிந்ததும், இரண்டு நீதிபதிகளும் ஒருவரோடு ஒருவர் தொடர்புகொண்டு பேசுவார்கள். சட்டமே அப்படிச் சொல்கிறது. எந்த மாநிலம் விசாரிப்பது என்று அங்கே முடிவாகும். ஹோம் ஸ்டேட்டே கூட, "சாட்சிகள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள், அங்கே நடப்பதுதான் வசதி" என்று வழக்கை விட்டுக்கொடுக்கலாம். அதனால் ஹோம் ஸ்டேட் என்பதை மட்டும் நம்பாமல், வசதி எங்கே என்பதற்கும் வாதம் வைத்திருங்கள்.

அடி உதைக்குப் பயந்து கிளம்பியவர்களுக்கு

இதுவரை பின்னால் நிற்பவரின் பக்கமிருந்தே சொன்னேன். கிளம்பிப் போனவர் எல்லாம் தப்பானவர் என்று அர்த்தம் இல்லை. அடி, மிரட்டல், பூட்டி வைத்தல், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்ளுதல் ஆகியவற்றுக்கு நடுவில் வாழ்ந்து, உயிருக்குப் பயந்து பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்த பெண்ணுக்கும் இதே சட்டம் இடம் வைத்திருக்கிறது.

பிள்ளையோ, பிள்ளையின் உடன்பிறப்போ, பெற்றோரில் ஒருவரோ வன்முறைக்கு ஆளானால், அல்லது அந்த மிரட்டல் இருந்தால், வந்து சேர்ந்த மாநிலக் கோர்ட்டே அவசர அதிகாரத்தில் தற்காலிக கஸ்டடி உத்தரவு கொடுக்க முடியும். அங்கே ஆறு மாதம் இருந்திருக்க வேண்டியதில்லை. வந்த சில நாட்களுக்குள் குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவுக்கு விண்ணப்பியுங்கள், அதிலேயே பிள்ளைகளின் கஸ்டடியையும் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஒரு மாநிலத்தில் கிடைத்த பாதுகாப்பு உத்தரவை நாட்டின் எல்லா மாநிலப் போலீஸும் மதித்தாக வேண்டும்.

முகவரி தெரிந்தால் ஆபத்து என்றால், அந்த ஐந்தாண்டு முகவரிப் பிரமாணப் பத்திரத்தை மூடி முத்திரையிட்டு வைக்கச் சொல்லிக் கேட்கலாம். பல மாநிலங்களில் முகவரியை மறைத்துத் தரும் திட்டங்களும் உண்டு. கலிபோர்னியாவில் அதன் பெயர் சேஃப் அட் ஹோம். கலிபோர்னியாவிலிருந்து கிளம்புபவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். வன்முறை காரணமாகப் பிள்ளையோடு போனவர் 10 நாளுக்குள் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, 30 நாளுக்குள் கஸ்டடி வழக்கும் போட்டால், பிள்ளையை ஒளித்து வைத்த குற்றம் அவர் மேல் வராது.

இந்த அவசர உத்தரவு நிரந்தரம் ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹோம் ஸ்டேட் கோர்ட் வழக்கைக் கையில் எடுக்கும் வரைதான் அது பாலம். பழைய மாநிலத்தில் வழக்கு வந்தால் அங்கும் வக்கீல் வைத்து உங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எச்-4 விசாவில் இருக்கும் பெண்களை முடக்கிப் போடும் மிரட்டல் ஒன்று உண்டு: "கோர்ட்டுக்குப் போனால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள், பிள்ளைகள் என்னிடமே இருப்பார்கள்." குடும்பக் கோர்ட் விசா பார்த்துக் கஸ்டடி கொடுப்பதில்லை. கலிபோர்னியாவில் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி ஒரு பெற்றோருக்குக் கஸ்டடி மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். விவாகரத்து ஆனால் எச்-4 நிலை முடிந்துவிடும் என்பது உண்மைதான், அதற்குக் குடியேற்ற வக்கீலிடம் தனியாக வழி கேட்க வேண்டும். அதற்காகப் பிள்ளைகளின் வழக்கைத் தள்ளிப்போட வேண்டாம்.

தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். நியூ ஜெர்சியில் மானவி, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் மைத்ரி, ஹூஸ்டனில் தயா ஆகிய அமைப்புகள் தெற்காசியப் பெண்களுக்கென்றே பல ஆண்டுகளாக வேலை செய்கின்றன. நம் வீட்டு நிலவரத்தை அடியிலிருந்து விளக்க வேண்டிய அவசியம் அவர்களிடம் இருக்காது.

உத்தரவு கைக்கு வந்த பிறகு

உத்தரவு கொடுத்த மாநிலமே தொடர்ந்து அந்த வழக்குக்கு அதிகாரி. பிள்ளையும் இரண்டு பெற்றோரும் அந்த மாநிலத்தை விட்டே போய்விட்டாலோ, அந்த மாநிலத்தோடு அவர்களுக்கு இருந்த தொடர்பு அற்றுப்போய்விட்டது என்று அந்தக் கோர்ட் சொன்னாலோதான் வேறு மாநிலம் அதை மாற்ற முடியும்.

எதிர்த்தரப்பு அடங்க மறுத்தால், பிள்ளை இருக்கும் மாநிலத்தில் உத்தரவைப் பதிவு செய்யுங்கள். நோட்டீஸ் கிடைத்து 20 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபிக்காவிட்டால் அந்த மாநிலத்தின் உத்தரவு போலவே அது செல்லுபடியாகும். அவசரம் என்றால் விரைவு அமலாக்க மனு உண்டு. முடிந்தவரை சம்மன் கிடைத்த அடுத்த கோர்ட் வேலை நாளிலேயே விசாரணை வைக்க வேண்டும் என்கிறது சட்டம். பிள்ளைக்குக் கடும் தீங்கு நேரும், அல்லது அங்கிருந்தும் கொண்டுபோய்விடுவார்கள் என்று காட்டினால், பிள்ளையை மீட்டு வரப் போலீஸுக்கு வாரன்ட்டே கிடைக்கும். உத்தரவு இல்லாதபோது கைவிரித்த போலீஸ் அப்போது உங்களோடு வருவார்கள்.

உத்தரவை எழுதும்போதே தெளிவாக எழுத வைப்பதும் முக்கியம். "நியாயமான நேரத்தில் பார்க்கலாம்" என்று எழுதிய உத்தரவை எந்தப் போலீஸும் அமல்படுத்த முடியாது. எந்த நாள், எத்தனை மணி, எந்த விமான நிலையம், டிக்கெட் யார் செலவு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யாரிடம், கோடை விடுமுறையில் எத்தனை வாரம், வீடியோ கால் எந்த நேரம், பாஸ்போர்ட்டும், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையும் யார் கையில் என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். அமெரிக்க வக்கீலின் மாதிரிப் படிவத்தில் ஈஸ்டரும் தேங்க்ஸ்கிவிங்கும் இருக்கும், பொங்கல் இருக்காது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முறையாகக் குடிமாற நினைப்பவருக்கு

உத்தரவு இருக்கும்போது, உண்மையான காரணத்தோடு வேறு மாநிலம் போக விரும்புபவர் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். டெக்சஸ் உத்தரவுகளில் பிள்ளையின் வீடு இந்தக் கவுன்ட்டியிலும் அடுத்த கவுன்ட்டிகளிலும்தான் இருக்க வேண்டும் என்று எல்லை போடுவது வழக்கம். ஃபுளோரிடாவில் 50 மைலுக்கு மேல் மாறினாலே சம்மதமோ கோர்ட் அனுமதியோ தேவை. நியூ ஜெர்சியில் 2017-ல் மாநில உச்ச நீதிமன்றம், பிள்ளையோடு வெளி மாநிலம் போகக் கேட்பவர் அது பிள்ளையின் நலனுக்கு ஏற்றது என்று காட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சொல்லாமல் போய்விட்டு அப்புறம் அனுமதி கேட்பவர் மீது நீதிபதிக்கு நம்பிக்கை வராது.

இந்தியாவுக்குக் கொண்டுபோய்விடுவார் என்ற பயம் இருந்தால்

வேறு மாநிலம் என்பது பல நேரம் சென்னை விமானத்துக்கு முந்தைய நிறுத்தம். அமெரிக்காவில் வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் அதிகாரி இல்லை. பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு விமானம் ஏறினால் யாரும் தடுக்க மாட்டார்கள். தடுக்க வேண்டுமானால் கோர்ட் உத்தரவு முன்பே இருக்க வேண்டும்.

பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால் டிஎஸ்-3077 படிவத்தை வெளியுறவுத் துறைக்கு அனுப்பி வையுங்கள். பிள்ளையின் பெயரில் யாராவது பாஸ்போர்ட் கேட்டால் உங்களுக்குத் தகவல் வரும். ஏற்கனவே கையில் இருக்கும் பாஸ்போர்ட்டையோ, இந்தியப் பாஸ்போர்ட்டையோ, ஓசிஐ அட்டையையோ இது கட்டுப்படுத்தாது. அவற்றைக் கோர்ட்டிலோ வக்கீலிடமோ ஒப்படைக்கச் சொல்லித் தனியாக உத்தரவு கேளுங்கள்.

எல்லை தாண்டிக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்ப 1980-ல் ஹேக் உடன்படிக்கை வந்தது. இலங்கை 2001-ல் அதில் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. அதனால் இந்தியாவில் வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவாகவோ குடும்ப நீதிமன்றத்திலோ நடத்த வேண்டியிருக்கும். அமெரிக்கக் கோர்ட் உத்தரவு அங்கே ஒரு முக்கியக் காரணியாக எடுத்துக்கொள்ளப்படும், ஆனால் அது மட்டுமே முடிவு செய்யாது என்று 2017-ல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளையின் நலனே முதல் என்பது அந்தத் தீர்ப்பு. அதே உச்ச நீதிமன்றம் பிறகு வந்த சில வழக்குகளில் பிள்ளையை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லியும் இருக்கிறது. பிள்ளை அங்கே வேரூன்றும் முன் போனவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

ஆறு மாதக் கணக்கு இங்கேயும் வருகிறது. அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டையும் இன்னொரு மாநிலம் போலவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. "கொஞ்ச நாள் கோயம்புத்தூரில் பாட்டியோடு இருக்கட்டும்" என்று அனுப்பிய பிள்ளை அங்கேயே ஒரு பெற்றோரோடு தங்கி ஆறு மாதம் தாண்டிவிட்டால், இங்குள்ள கோர்ட் வழக்கை எடுக்காமல் போகலாம். அனுப்பும்போதே திரும்பும் டிக்கெட்டும், எந்தத் தேதியில் திரும்புவார்கள் என்று இருவரும் ஒத்துக்கொண்ட மின்னஞ்சலும் இருக்கட்டும். அவைதான் அந்தப் பயணம் தற்காலிகம் என்பதற்குச் சாட்சி.

வக்கீல், செலவு, மொழி

மாநில வக்கீல் சங்கங்களில் பரிந்துரைச் சேவை இருக்கிறது. வருமானம் குறைவாக இருந்தால் இலவசச் சட்ட உதவி மையங்களும், மனுக் கட்டணத் தள்ளுபடிப் படிவமும் உண்டு. எச்-4-ல் சொந்த வருமானம் இல்லாதவர்கள் இதைக் கூச்சப்படாமல் கேட்கலாம். துணையிடமிருந்தே வக்கீல் செலவை வாங்கித் தரச் சொல்லிக் கோர்ட்டைக் கேட்கவும் பல மாநிலங்களில் வழி உண்டு. முழு வழக்குக்கும் வக்கீல் வைக்கக் கட்டுப்படி ஆகாவிட்டால், மனு எழுதவும் தற்காலிக உத்தரவு விசாரணைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். கோர்ட்டில் ஆங்கிலம் தடுமாறும் என்றால், விசாரணைத் தேதி வந்தவுடனேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தமிழுக்கு ஆள் தேட அவர்களுக்கு நேரம் பிடிக்கும். உறவினரை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

வக்கீலிடம் முதல் முறை பேசும்போது நான்கு தேதிகளைக் கையில் வைத்திருங்கள்: பிள்ளைகள் இந்த மாநிலத்துக்கு வந்த நாள், இங்கிருந்து போன நாள், கடைசியாக இந்தியா போய் வந்த நாட்கள், எதிர்த்தரப்பிலிருந்து சம்மன் வந்திருந்தால் அது கைக்கு வந்த நாள். அப்புறம் இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டு மாநிலம் சம்பந்தப்பட்ட கஸ்டடி வழக்கு நடத்தியிருக்கிறீர்களா? என் கணக்கில் ஆறு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது? இரண்டாவது கேள்விக்கு உடனே ஒரு தேதி சொல்லும் வக்கீலாகப் பார்த்து அமர்த்துங்கள்.